மாரத்தான் முடிந்ததும் சளி: வைட்டமின் மாத்திரை காப்பாற்றுமா?

கேள்வி: முழு மாரத்தான் ஓடினால் மூன்றாம் நாளே சளியும் தொண்டை வலியும் வந்துவிடுகின்றன. ஓடி முடித்த இரவிலிருந்து தினமும் 1,000 மி.கி. வைட்டமின் சி போடுகிறேன். பலன் இல்லை. அளவைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். அளவு போதும், ஆரம்பிக்கும் நாள்தான் தப்பு. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், ராணுவத்தினர் என 598 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வைட்டமின் சி எடுத்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் சளி வருவதற்கு முன்பே தினமும் எடுத்து வந்தவர்கள். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் போட்டிக்கு 21 நாள் முன்பிருந்தே தினம் 600 மி.கி. கொடுத்தார்கள். சளி பிடித்தபின் ஆரம்பித்தால் நம்பத்தக்க பலன் கிடைப்பதில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு தினம் 500 மி.கி. தொடங்கி, முடிந்த ஒரு வாரத்தில் நிறுத்திவிடுங்கள். ஆண்டு முழுக்க 1,000 மி.கி. வைட்டமின் சி-யுடன் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் போடுபவர்களுக்குப் பயிற்சியின் பலனே மட்டுப்படலாம். 2,000 மி.கி.-ஐத் தாண்டினால் வயிற்றுப்போக்கு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைட்டமின் சி மாத்திரைப் பக்கமே போகக்கூடாது.

மாத்திரையைவிட மாவுச்சத்து முக்கியம் என்பேன். ஓடும்போது மணிக்கு 30–60 கிராம் உள்ளே போனால், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அழுத்த ஹார்மோனான கார்டிசால் அவ்வளவாக ஏறாது. முடித்த முதல் நான்கு மணி நேரமும், ஒவ்வொரு மணிக்கும் எடையில் கிலோவுக்கு 1 கிராம். 60 கிலோ என்றால் 60 கிராம். கூடவே 20–25 கிராம் புரதம். அன்றிரவு ஏழு மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: மணிக்கணக்கில் வாயால் மூச்சு வாங்கினால் கிருமியே இல்லாமலும் தொண்டை எரியும். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் மட்டும் ஓடவே ஓடாதீர்கள். இதயத் தசை அழற்சி வரலாம்.

கேள்வி: போட்டிக்கு மறுநாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் அதிகம், வைட்டமின் டி 16 (ng/mL) என்று வந்தது. கிருமித் தொற்றா?

பதில்: மறுநாள் பரிசோதித்தது வீண்செலவு. கடும் ஓட்டத்துக்குப் பின் தொற்று இல்லாமலே வெள்ளையணுக்கள் எகிறும். காய்ச்சல் இல்லையென்றால் பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். வைட்டமின் டி அப்போதும் 20-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறைதான். மருத்துவர் வாரம் ஒன்று என எழுதும் 60,000 யூனிட் மாத்திரையைச் சிலர் தினமும் விழுங்கிவிடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். அளவு சீரானபின் தினம் 1,000 யூனிட், கொழுப்புள்ள உணவோடு.

கேள்வி: துத்தநாக மாத்திரை?

பதில்: சளி தொடங்கிய 24 மணி நேரத்துக்குள், சப்பிக் கரைக்கும் வகையாக, சில நாள் மட்டும். மாதக்கணக்கில் போட்டால் தாமிரச்சத்து குறையும். மூக்கில் அடிக்கும் துத்தநாக ஸ்பிரே வேண்டாம், வாசனை உணர்வே போய்விடலாம். ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டவர் என்றால், மாத்திரையின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுப்பும் (batch) தனியாகச் சோதிக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். லேபிளில் இல்லாத பொருள் உடலில் சிக்கினாலும் பொறுப்பு வீரருடையதுதான்.