தைவான் விவகாரம்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

கே: அண்ணா, தைவானில் அமெரிக்காவுக்கு என்ன வேலை?

ப: 1949-ல் உள்நாட்டுப் போரில் மாவோவிடம் தோற்ற சீனத் தலைவர் சியாங் கை-ஷேக், மிச்சமிருந்த படையோடும் கஜானா தங்கத்தோடும் தைவானுக்கு ஓடினார். அமெரிக்கா அவரைக் கைகழுவும் மனநிலையில்தான் இருந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் ஏழாவது கப்பற்படையைச் சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலுள்ள ஜலசந்திக்கு அனுப்பிவிட்டார். கொரியா மட்டும் இல்லையென்றால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் கணிப்பு.

கே: 1979-ல் சீனாவை அங்கீகரித்துவிட்டு, தைவானுக்கு ஆயுதமும் விற்கிறார்களே, இது என்ன நியாயம் சார்?

ப: நியாயமெல்லாம் கேட்காதீர்கள். ஜனவரி 1 அன்று பெய்ஜிங்கை அங்கீகரித்தார்கள், ஏப்ரலில் அமெரிக்காவிலேயே தைவான் உறவுச் சட்டம் வந்தது. தற்காப்புக்கு ஆயுதம் தருவோம் என்கிற சட்டம், போர் வந்தால் நாங்களே இறங்குவோம் என்று எங்கும் சொல்லவில்லை. தெரிந்தே செய்த மழுப்பல். வருவோம் என்று எழுதிக் கொடுத்தால் தைவான் தலைநகர் தைபேயில் யாராவது தைரியமாகச் சுதந்திரம் அறிவித்துவிடுவார், வரமாட்டோம் என்றால் பெய்ஜிங் இறங்கிவிடும். பைடன் பலமுறை வருவோம் என்று சொல்லிவிட, ஒவ்வொரு முறையும் வெள்ளை மாளிகை ‘கொள்கை மாறவில்லை’ என்று சமாளித்தது இதனால்தான்.

கே: சீனாக்காரர்கள் தைவான் மேல் நிஜமாகக் குண்டு போட்டிருக்கிறார்களா?

ப: போடாமலா! கின்மென் தீவு சீனாவின் ஷியாமென் நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆனால் தைவான் வசம். 1958 ஆகஸ்ட் 23 அன்று பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. சில வாரங்களில் அது விசித்திரமாகி, ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் சுடுவது என்று ஆனது. பிற்பாடு குண்டுக்குள் வெடிமருந்துக்குப் பதில் பிரசாரத் துண்டறிக்கைகள். 1979 ஜனவரி 1 அன்றுதான், ஆமாம் அதே நாளில்தான், நிறுத்தினார்கள். விழுந்த குண்டுகளின் உருக்கை அடித்துச் செய்த கறிக்கத்தியை இன்றும் கின்மென்னில் சுற்றுலா வருபவர்கள் வாங்கிப் போகிறார்கள், சீனாவிலிருந்து வருபவர்கள் உட்பட.

கே: 2022-ல் அப்போதைய அமெரிக்க சபாநாயகர் பெலோசி தைவான் போனதற்குச் சீனாவுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

ப: பழைய காயம். 1995-ல் தைவான் அதிபர் லீ டெங்-ஹுய் அமெரிக்கா போய்ப் பேசினார், சீனா ஏவுகணைகளை விட்டுப் பார்த்தது. கிளின்டன் 1996 மார்ச்சில் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களை அந்தப் பக்கம் திருப்பினார், சீனாவால் முறைக்க மட்டுமே முடிந்தது. அதற்கப்புறம் கட்டிய கடற்படையைத்தான் 2022 ஆகஸ்டில் தீவைச் சுற்றி நிறுத்திக் காட்டினார்கள்.

கே: எல்லாம் சிப்புக்காகத்தானே?

ப: தைவானின் பெரிய சிப் கம்பெனியான டிஎஸ்எம்சி ஆரம்பித்ததே 1987-ல் சார். சண்டை அதைவிட மூத்தது, சிப் வந்து பந்தயத் தொகையை ஏற்றிவிட்டது, அவ்வளவுதான்.