தெரேசா வனிஷோவா: கேட்டதும் சொன்னதும்

செக் ஐஸ் ஹாக்கி வீராங்கனை தெரேசா வனிஷோவாவைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கே: அண்ணா, செக் ஹாக்கி என்றால் எனக்கு ஆண்கள் ஹாக்கி நட்சத்திரம் யாகரை மட்டும்தான் தெரியும். யார் இவர்?

1996-ல் செக் நாட்டின் தெற்கு பொஹீமியாவில் ஸ்ட்ராகோனிட்சே என்ற சிறிய நகரத்தில் பிறந்த ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையில் ஆடி கோல் அடிப்பவர். கனடாவின் ஒட்டாவா அணிக்காக 2024-25 பருவத்தில் 15 கோல் அடித்தார். மொத்தமே 30 ஆட்டங்கள் உள்ள பருவம் அது.

கே: சொந்த நாட்டிலேயே ஆடியிருக்கலாமே? ஏன் அமெரிக்கா போனார்?

செக் நாட்டில் ஆண்கள் ஹாக்கிதான் எல்லாம். பெண் பிள்ளைகள் சின்ன வயதில் பையன்களோடு சேர்ந்து ஆடுவார்கள். வளர்ந்த பிறகு அவர்களைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்குப் பெண்கள் லீக் வலுவாக இல்லை. ஆகவே திறமையுள்ளவர்கள் ஸ்வீடனுக்கோ அமெரிக்கக் கல்லூரிகளுக்கோ போய்விடுவார்கள். வனிஷோவா 2016 முதல் 2020 வரை மெய்ன் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். அந்த நான்கு வருடங்கள்தான் அவரை உருவாக்கின என்பது என் கருத்து.

கே: அவர் அடித்ததிலேயே பெரிய கோல் எது?

சந்தேகமே இல்லை, 2023 மார்ச் 26. அரிசோனாவின் டெம்பியில், அப்போதிருந்த வட அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கின் கோப்பையான இசபெல் கோப்பைக்கான இறுதி ஆட்டம். இவர் ஆடிய டொராண்டோ சிக்ஸ் அணியும் மினசோட்டா வைட்கேப்ஸ் அணியும் 3-3 என்று சமநிலையில் நிற்க, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே அடுத்த கோல் யாருடையதோ கோப்பை அவர்களுடையது. அடித்தவர் வனிஷோவா. டொராண்டோவின் முதல் கோப்பை, அதுவே கடைசியும்கூட. ஜூன் மாதக் கடைசியில் அந்த லீக்கையே விலைக்கு வாங்கி மூடிவிட்டார்கள். சாம்பியன் ஆன மூன்றே மாதத்தில் ஆட அணி இல்லை! இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

கே: அப்புறம் என்ன செய்தார்?

2024 ஜனவரி 1 அன்று புதிய தொழில்முறை லீக் ஆறு அணிகளோடு தொடங்கியது. வனிஷோவா மாண்ட்ரியலில் ஆரம்பித்தார். முதல் பருவம் முடிவதற்குள், மார்ச்சிலேயே, ஒட்டாவாவுக்கு மாற்றப்பட்டார். நல்லதாகத்தான் போயிற்று. அங்கேதான் அந்த 15 கோல்.

கே: மைதானத்தில் சண்டை போட்டாராமே, உண்மையா?

உண்மை. 2025 பிப்ரவரியில் பாஸ்டனின் ஜில் சோல்னியருடன். புதிய லீக்கின் வரலாற்றில் முதல் சண்டை அது. சண்டையை நான் ரசிக்கவில்லை. ஆனால் இடித்தால் ஒதுங்கிப் போகிறவர் இல்லை இவர், கோல்களும் அந்தக் குணத்தால்தான் வருகின்றன.

கே: செக் தேசிய அணி எப்படி?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செக் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஆடியதே 2022 பெய்ஜிங்கில்தான். காலிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக முதல் கோலை அடித்தது செக் அணி! அமெரிக்கா 59 ஷாட் அடித்தது, செக் வெறும் 6. கோல்காப்பாளர் கிளாரா பெஸ்லரோவா 55-ஐத் தடுத்தார். 4-1 என்று தோற்றார்கள், ஆனால் பயம் விட்டுப்போயிற்று. அதே வருடம் டென்மார்க்கில் உலக சாம்பியன்ஷிப்பில் சுவிட்சர்லாந்தை வென்று வெண்கலம். 2023-ல் கனடாவின் பிராம்ப்டனில் மறுபடியும் அதே சுவிட்சர்லாந்து, மறுபடியும் வெண்கலம். வெளிநாடு போய்க் கற்ற வனிஷோவா, மிராஸோவா, டெனிசா கிரிஷோவா போன்றவர்கள் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்ததன் பலன் அது.

கே: சம்பளம் போதுமானதா?

புதிய லீக்கின் முதல் பருவத்தில் சராசரி 55,000 டாலர், குறைந்தபட்சம் 35,000. ஆண்கள் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

கே: புதிதாகப் பார்க்கிறவன் எதில் தொடங்கலாம், சார்?

2025 இறுதித் தொடரைப் பாருங்கள், ஒட்டாவாவும் மினசோட்டாவும். நான்கு ஆட்டங்கள், நான்குமே கூடுதல் நேரத்தில் 2-1. ஒட்டாவா மூன்றில் தோற்றது. அந்தக் கோடையிலேயே வனிஷோவா புதிதாகத் தொடங்கிய வான்கூவர் அணியில் ஒப்பந்தம் போட்டார்.