வாசகர் கேள்விகள்: நாற்காலி காலியானால் அடுத்து யார்?

கேள்வி: அமெரிக்காவில் புது அதிபர் வந்ததும் ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களைக் கூண்டோடு மாற்றுகிறார்களே, சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

பதில்: தாராளமாக. ‘யு.எஸ். அட்டர்னி’ (ஒரு ஃபெடரல் நீதிமன்ற மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞர்) பதவிகள் மொத்தம் 93. அதிபர் பெயரை அனுப்புவார், செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவிக்காலம் 4 ஆண்டு. ஆனால் அதே சட்டப்பிரிவு, அதிபர் அவரை நீக்கலாம் என்றும் சொல்கிறது. காரணம் காட்டத் தேவையில்லை. 2017 மார்ச்சில் முந்தைய ஆட்சியில் வந்து மிச்சமிருந்த 46 பேரிடம் டிரம்ப் அரசு ராஜினாமா கேட்டது. தர மறுத்த நியூயார்க்கின் பிரீத் பராரா நீக்கப்பட்டார். அதில் சட்டமீறல் எதுவும் இல்லை.

கேள்வி: பிறகு ஏன் புஷ் காலத்தில் அவ்வளவு ரகளை?

பதில்: புஷ் நீக்கியது தானே நியமித்தவர்களை, அதுவும் இரண்டாவது ஆட்சிக்காலத்தின் நடுவில். 2006 டிசம்பர் 7 அன்று மட்டும் 7 பேருக்குப் போகச் சொல்லித் தகவல் போனது. அந்த ஆண்டின் மொத்தக் கணக்கு 9. அவர்களில் நியூ மெக்சிகோவின் டேவிட் இக்லேசியஸுக்கு, அக்டோபரில், அதாவது தேர்தலுக்குச் சற்று முன்பு, சொந்தக் கட்சி செனட்டர் பீட் டொமினிசியும் எம்.பி. ஹெதர் வில்சனும் தனித்தனியே போன் செய்து, எதிர்க்கட்சியினர் சம்பந்தப்பட்ட ஊழல் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்திருந்தார்கள். வேலை சரியில்லாததால் நீக்கினோம் என்று அரசு சொன்ன விளக்கம் நாடாளுமன்ற விசாரணையில் நிற்கவில்லை. அட்டர்னி ஜெனரல் (அங்கே அவர் நீதி அமைச்சகத்தின் தலைவர்) அல்பர்ட்டோ கொன்சாலஸ் 2007-இல் பதவி விலகினார். ஆனால் யார் மீதும் குற்றவழக்கு இல்லை என்று 2010-இல் கோப்பு மூடப்பட்டது. நீக்கும் அதிகாரம் சட்டபூர்வமானது. ஒரு குறிப்பிட்ட வழக்கைக் கெடுக்கும் நோக்கத்தோடுதான் நீக்கினார்கள் என்று நிரூபித்தால்தான் குற்றம். அது லேசில் ஆகிற காரியமா?

கேள்வி: செனட் ஒப்புதல் இல்லாமலே ‘இடைக்காலம்’ என்று ஒருவரை வைத்து ஓட்டிவிட முடியுமா?

பதில்: எங்கள் கணிப்பில், யார் போனார் என்பதைவிட முக்கியமான கேள்வி இதுதான். வழிகள் இரண்டு. ஒன்று, அட்டர்னி ஜெனரல் ஒருவரை 120 நாளுக்கு நியமிக்கலாம். அது முடிந்தால் அந்த மாவட்ட நீதிமன்ற நீதிபதிகளே ஒருவரை நியமிக்கலாம். 2006 மார்ச்சில் தேசப்பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தோடு சேர்த்து இந்த 120 நாள் வரம்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். நீக்கங்கள் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, 2007-இல் வரம்பு திரும்பியது. இரண்டாவது வழி 1998-ஆம் ஆண்டின் காலியிடச் சட்டம். அதன்படி அலுவலகத்தில் அடுத்த நிலையில் இருக்கும் முதல் உதவியாளர் தானாகவே பொறுப்புக்கு வருவார், பொதுவாக 210 நாள் வரை.

2025-இல் நியூஜெர்சியில் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே இடைக்கால யு.எஸ். அட்டர்னியாக இருந்த அலீனா ஹப்பாவின் 120 நாள் கெடு முடியும் தறுவாயில் நீதிபதிகள் அங்கிருந்த முதல் உதவியாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசு அந்த உதவியாளரை வேலையை விட்டே நீக்கி, ஹப்பாவை முதல் உதவியாளராக்கி, அந்த வழியில் பொறுப்பில் அமர்த்தியது. செல்லாது என்றது மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றமும் டிசம்பரில் அதையே உறுதி செய்தது.

வர்ஜீனியாவில் விளைவு இன்னும் கடுமை. முன்னவர் எரிக் சீபர்ட்டிடமே 120 நாள் கழிந்துவிட்டதால், அவருக்குப் பின் இடைக்காலமாக வந்த லிண்ட்சி ஹாலிகனுக்குப் புதுக் கணக்குத் தொடங்க முடியாது என்று 2025 நவம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். முன்னாள் எஃப்.பி.ஐ. தலைவர் ஜேம்ஸ் கோமி மீதான குற்றப்பத்திரிகையை கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் வைத்ததும் கையெழுத்திட்டதும் ஹாலிகன் ஒருவரே. அதனால் வழக்கும் சேர்ந்து விழுந்தது. நியூஜெர்சியில் ஹப்பா வழக்குகளிலிருந்து விலக்கப்பட்டாரே தவிர, குற்றப்பத்திரிகைகள் பிழைத்துக்கொண்டன. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் குற்றப்பத்திரிகையில் வேறு யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: நீதிபதிகள் நியமித்தவரை அரசு நீக்க முடியுமா?

பதில்: அதிபரால் முடியும், அட்டர்னி ஜெனரலால் முடியாது. நீதி அமைச்சகம் 1979-இல் தந்த சட்டக் கருத்து இது. 2020 ஜூனில் நியூயார்க்கின் ஜெஃப்ரி பெர்மன் பதவி விலகுகிறார் என்று அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் அறிவித்தபோது, “நான் விலகவில்லை” என்று பெர்மன் மறுத்ததற்கு அடிப்படையும் இதுவே. மறுநாள், அதிபரே நீக்கிவிட்டார் என்று பார் கடிதம் எழுதினார். வெளியாளுக்குப் பதிலாகத் தன் துணை அதிகாரி ஆட்ரி ஸ்ட்ராஸ் பொறுப்பேற்பார் என்று தெரிந்த பிறகே பெர்மன் இடத்தைக் காலி செய்தார்.