இரண்டரை அங்குலக் கத்திதானே?

கேள்வி: லண்டன் ஹரோவில் பலசரக்கு மொத்தக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். அரிசி மூட்டையின் தையலைப் பிரிக்க, அட்டைப் பெட்டி வெட்ட, கத்தி, குறடு, திருப்புளி எல்லாம் சேர்ந்த ஒரு மல்டிடூல் வைத்திருக்கிறேன். கடையில் காசு கொடுத்து வாங்கியது. அலகு இரண்டரை அங்குலம்தான், விரித்தால் பூட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஜாக்கெட் பையில் போட்டதை மறந்துவிட்டேன். ஞாயிறு கோயிலுக்குப் போகும் வழியில் ரயில் நிலையத்தில் பொலிஸார் சோதித்து எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் பொலிஸ் நிலையத்துக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "மூன்று அங்குலத்துக்குக் குறைவென்றால் பிரச்சினையில்லை, கேட்டால் பாதுகாப்புக்கு என்று சொல்" என்கிறார் நண்பர். அடுத்த வருடம் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்ன முதல் விஷயம் அரைகுறை, இரண்டாவது உங்களை நேரே சிக்கலில் மாட்டிவிடும்.

மூன்று அங்குலக் கணக்கு 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவில் இருந்து வருகிறது. அலகோ கூர்முனையோ உள்ள எதையும் பொது இடத்தில் கைவசம் வைத்திருப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். அதற்கு ஒரு விலக்கு, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி. எல்லோரும் இந்த அங்குலத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் வழக்கு நிற்பதோ 'மடக்கு' என்பதில்.

விரித்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்டு அலகு நின்றுவிடும். திரும்ப மடக்க, பக்கத்தில் இருக்கும் சிறு தகட்டை விரலால் தள்ள வேண்டும். அப்படித்தானே உங்களுடையது? அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அது மடக்குக் கத்தியே இல்லை. எந்த நேரமும் மடக்கிய மாத்திரத்தில் மடங்க வேண்டும், இடையில் ஒரு பொத்தானையோ தகட்டையோ தள்ள வேண்டியிருந்தால் விலக்கு கிடையாது என்று ஹாரிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது. 1998இல் டீகன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே பூட்டும் அலகு ஒரு அங்குலம் இருந்தாலும் நியாயமான காரணம் காட்டியாக வேண்டும். அதே கருவியில் குறடும் திருப்புளியும் சேர்ந்திருப்பது உங்களைக் காப்பாற்றாது. கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்பீர்கள். விற்பது சரி, வாங்குவதும் சரி. பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பதற்கு வேறு சட்டம். இதைக் கடைக்காரர்கள் ஒரு வரி எழுதி ஒட்டினால் எனக்கு வேலை பாதி குறையும்.

சரி, நியாயமான காரணம் எது? வேலைக்குப் பயன்படுத்துவது, மதக் காரணம், தேசிய உடையின் பகுதி ஆகிய மூன்றையும் சட்டமே பெயர் சொல்லி ஏற்கிறது. வேறு காரணங்களும் சொல்லலாம். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பிடிபட்ட அந்த நேரத்துக்குப் பொருந்தும் காரணமாகவும் இருக்க வேண்டும். வெள்ளி மாலை கடையிலிருந்து வீடு திரும்பும்போது பிடித்திருந்தால் உங்கள் பதில் வலுவானது. ஞாயிறு கோயில் வழியில் அந்தப் பதில் தானாக ஒட்டாது.

மறதி மட்டும் போதாது என்பது 1992இல் கிரெக்சன் வழக்கில் முடிவான விஷயம். அவரும் உங்களைப் போலத்தான்: ஆறு நாள் முன்பு வேலைக்குப் பயன்படுத்திய கத்தி, பையில் கிடந்தது, மறந்துபோனார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பின்னர் வந்த ஜோலி வழக்கில், மறதியோடு வேறொரு காரணமும் சேர்ந்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இடம் விட்டது. உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் அது. சிறிய வாசல்தான், ஆனாலும் வாசல். கோயில் முடிந்து நேரே வேலைக்குப் போவதாக இருந்ததா? அந்த வார வேலை அட்டவணை இருக்கிறதா? அந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று முதலாளி எழுதித் தருவாரா? இருப்பதை மட்டும் தேடி எடுங்கள். இல்லாததை உருவாக்கப் போனால் கத்தி வழக்கை விடப் பெரிய வழக்கு வரும்.

"பாதுகாப்புக்கு" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். ஊர் நிலைமை சரியில்லை என்ற பொதுவான பயம் நியாயமான காரணம் ஆகாது. அதுமட்டுமல்ல, தேவைப்பட்டால் ஒருவர்மீது பயன்படுத்தவே வைத்திருந்தீர்கள் என்று நீங்களே சொன்னதாகிவிடும். அப்போது தாக்கும் ஆயுதம் பற்றிய 1953ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளே வரும். அதுவும் உண்மையில்லாத ஒன்றைச் சொல்லி!

நேர்காணலுக்குத் தனியாகப் போகாதீர்கள். கைது செய்யாமல் அழைத்தாலும் பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணியின் உதவி இலவசம். சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், அதற்கும் காசில்லை. "சும்மா கதைக்கத்தான் கூப்பிடுகிறோம்" என்றாலும் அது பதிவாகும் வாக்குமூலம். மௌனமாக இருக்க உரிமை உண்டு. ஆனால் அங்கே சொல்லாத காரணத்தைப் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியும். பேசுவதா, எழுதிக் கொடுப்பதா, மௌனமா என்பதை, பொலிஸார் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகு உங்கள் சட்டத்தரணி சொல்வார்.

எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். கத்தி வழக்குகளில் பெரியவர்களுக்கு அது விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே. அப்படிக் கிடைத்தாலும் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். குடியுரிமை விண்ணப்பத்தில் அதையும் கேட்பார்கள், மறைக்கக் கூடாது. வழக்கு கிரவுன் நீதிமன்றத்துக்குப் போனால் அதிகபட்சத் தண்டனை நான்கு ஆண்டுச் சிறை. முதல் தடவை, யாரையும் மிரட்டவில்லை, வேலைக் கருவி என்றால் அதன் கிட்டவே போகாது. ஆனால் தண்டனை சிறிதென்றாலும் பதிவு பதிவுதான். ஆகவே விண்ணப்பத்தை எப்போது போடுவது என்று, இந்த வழக்கின் முடிவு தெரிந்த பின் குடிவரவுச் சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள்.

இதே கேள்வியைக் கேட்டரிங் செய்பவர்களும் கேட்கிறார்கள். மண்டபத்துக்குச் சமைக்கப் போகும் வழியில், துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, கார் டிக்கியில் கத்திகளைக் கொண்டுபோவது நியாயமான காரணம்தான். திருமணம் முடிந்து மூன்று நாள் கழித்தும் அவை டிக்கியிலேயே கிடந்தால் அவர்களும் உங்கள் நிலைதான். தெருவில் நிற்கும் காரும் இந்தச் சட்டத்துக்குத் தப்பாது.

கடிதத்தில் உள்ள திகதிக்குச் சட்டத்தரணி கிடைக்காவிட்டால், அதிலுள்ள அதிகாரியின் எண்ணுக்கு அழைத்து வேறு நாள் கேளுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அப்புறம் வீட்டுக்கே வந்து கைது செய்ய அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.