தெலுங்கு வழியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் பணம் வருமா?

கேள்வி: ஓசூர் பக்கம் கிராமம். மூத்த பெண் அரசுப் பள்ளியில் தெலுங்கு வழியிலேயே பத்தாவது முடித்துவிட்டாள். பிளஸ் ஒன்னுக்கு அருகில் தெலுங்கு வழி இல்லை. தமிழ் வழியில் படிக்காததால் புதுமைப்பெண் பணம் வராது, மொழிச் சிறுபான்மைச் சான்றிதழ் எடுத்தால்தான் வரும் என்று ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். இளையவள் தனியார் பள்ளியில் ஏழாவது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டம் இது. அரசுப் பள்ளி என்றால் எந்த வழி என்று கேட்பதில்லை. 2024-25இல் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்தபோது, அங்கே தமிழ் வழி மாணவிகளுக்கு மட்டும் என்றார்கள். அந்த நிபந்தனையைத்தான் பணம் கேட்கும் இவர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். இந்த ஆட்கள் 'மைனாரிட்டி' என்ற ஒரே சொல்லை வைத்துப் பிழைக்கிறார்கள். மத்திய அரசின் சிறுபான்மை உதவித்தொகை முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி என்று மதத்தைப் பார்த்துத் தருவது, வீட்டில் தெலுங்கு பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதையும் ஒரு சான்றிதழோடு விற்பார்கள், ஜாக்கிரதை.

மூத்தவளை அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே சேருங்கள். "பீஸ் வேண்டாம்" என்று தனியார் பள்ளி ஆள் வீட்டுக்கு வந்தால் மயங்காதீர்கள், பிளஸ் ஒன், பிளஸ் டூ அங்கே போனால் திட்டமும் போச்சு. தமிழ் வழியில் சேர்ந்தால் அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என்பார்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி வேண்டும், இவளுக்கு இல்லை. ஆகவே தமிழ் வழியோ ஆங்கில வழியோ, பாடம் எதில் புரிகிறதோ அதில் சேரட்டும். ஆனால் தமிழை விட்டுவிட வேண்டாம். டிஎன்பிஎஸ்சி தேர்வில் தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற மதிப்பெண் எதுவும் உதவாது.

பத்தாவது வரை ஒரு மொழியில் படிக்கவைத்துவிட்டு, அடுத்த வருடம் அந்த வழியே பக்கத்தில் இல்லை என்று கைவிரிக்கிறார்கள். அரசியலமைப்பின் 350ஏ பிரிவு தாய்மொழிக் கல்வி பற்றிச் சொல்வது தொடக்கப் பள்ளிக்கு மட்டும். பையன் என்றால் தூரத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்புவார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். இது ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன?

இளையவள் விஷயம் கொஞ்சம் சிக்கல், நிதானமாகப் படியுங்கள். அவள் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 விழுக்காடு ஒதுக்கீட்டில், பீஸ் இல்லாமல் சேர்ந்தவளா? அப்படியென்றால் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் அவளுக்கும் உண்டு. ஒன்பதாவதிலேயே மாற வேண்டும், பத்தாவது முடித்து மாறினால் செல்லாது. பீஸ் கட்டிப் படிப்பவள் என்றால் இந்தச் சலுகை கிடையாது. ஆர்.டி.இ.யில் சேர்ந்தவளுக்கு எட்டாவதோடு இலவசமும் முடிகிறது, அப்போது "இங்கேயே தொடரட்டும்" என்று பள்ளி இழுக்கும். மாற்றுச் சான்றிதழை (டி.சி.) வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம், தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் இந்தப் பணம் வராது. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பம் போடுவார்கள், வேறு ஆள் தேவையில்லை. அதற்குள் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்து வையுங்கள். அப்பா கணக்கு வேண்டாம்.