வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது கம்ப்யூட்டர் ஏன் இரைந்து சூடாகிறது?

எடிட் செய்த கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் (ஒரே கோப்பாக மாற்றுவது) போட்டதும் ஃபேன் இரைந்து, பாதியில் வேகம் படுத்துவிடுகிறதா? அது ‘தெர்மல் த்ராட்லிங்’. பிராசஸர் 95–100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், கருகாமலிருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளச்சல் கரையில் மீன்கூடை சுமந்து மேடேறுபவர் மூச்சு வாங்கி நடையைத் தளர்த்துவதுபோல.

எக்ஸ்போர்ட்டில் பிராசஸருக்கு நீண்டநேரம் ஓய்வே கிடையாது. வெப்பம் வெளியேற, பிராசஸர் மேலுள்ள ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) இடுக்குகள் திறந்திருக்க வேண்டும். முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்பு ஈரம் தூசியை அப்பிப்பிடிக்க வைத்து அவற்றை அடைத்துவிடும். மின் இணைப்பைக் கழற்றி, ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொண்டு (வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்) பிளோயரால் ஊதுங்கள். சூடு தணியாவிட்டால் பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் உள்ளே உப்புத் தூசிதான் கூடும், அடைப்பு நீங்காது.