நாப்பி கேட்கும் அப்பா, அடங்காத தாகம்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். சிறுநீர் மிகக் கொஞ்சமாகத்தான் போகிறது. தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள். அவரோ தாகம் தாகம் என்று துடிக்கிறார். போதாக்குறைக்கு, நாப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது) இல்லாமல் சோறு இறங்காது என்கிறார். குழம்பில் உப்பே இல்லை என்று தட்டைத் தள்ளுகிறார். தினமும் சண்டை. இது நோயா, பிடிவாதமா? சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த சோடியம் குறைந்த உப்பைக் கொடுக்கலாமா?
— ஒரு மகள், தன்லின், மியான்மர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், மகளே. அந்த உப்பை அப்பாவுக்குக் கொடுக்கவே வேண்டாம். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். அவருடைய சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயமே நின்றுபோகலாம்.

அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை. யாங்கோனில் டயாலிசிஸ் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் இதே சண்டையோடு வந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உப்பு உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் ஏறும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதை உணர்ந்து தாகத்தைக் கிளப்பும். சுமார் 8 கிராம் உப்புக்கு உடம்பு ஒரு லிட்டர் தண்ணீர் கேட்கும். நமக்கு இரண்டும் சிறுநீரில் போய்விடும். அவருக்கு அந்த லிட்டர் உடம்பிலேயே தங்கி, எடை மெஷினில் ஒரு கிலோவாகக் காட்டும். அப்புறம் கால் வீக்கம், மூச்சுத் திணறல். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனும் தாகத்தைத் தூண்டும். சர்க்கரை நோய் இருந்து அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

குழம்பு சப்பென்று இருப்பதாக அவர் சொல்வதும் உண்மைதான். இந்த நோயில் பலருக்கு உப்பு ருசி நாக்கில் சட்டென்று தெரியாது.

அதனால் தண்ணீருக்காகச் சண்டை போடாதீர்கள், உப்பில் கை வையுங்கள். நாப்பி, மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), கருவாடு மூன்றையும் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு, அதை மறந்துவிடுகிறோம். பூண்டை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, மிளகு தூவி, இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுக் கொடுத்துப் பாருங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் என்று டாக்டரிடம் கேட்டு, காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வையுங்கள். டீயும் சூப்பும் அந்தக் கணக்கில்தான் வரும். வீட்டில் அளந்துதான் கொடுக்கிறோம் என்பார்கள். மாலையில் டீக்கடையில் உட்கார்ந்தால், மேஜை மேல் ஃபிளாஸ்க்கில் காசில்லாமல் வைத்திருக்கும் வெறும் டீ, சின்னக் கோப்பைதானே என்று ஐந்தாறு உள்ளே போய்விடும். மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்காவின் சாற்றில் உப்பு, நீர் இரண்டுமே இருக்கின்றன. திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) வெயிலில் வாய் காய்ந்தால் கொப்பளித்துத் துப்பலாம், சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஐஸையும் கணக்கில் சேருங்கள்.

டயாலிசிஸ் முடிந்து வந்த அன்றே தாகம் அதிகமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால், மெஷினில் ஓடும் திரவத்தில் சோடியம் எவ்வளவு வைக்கிறார்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அது கூடுதலாக இருந்தாலும் தாகம் எடுக்கும்.

இதைப் படிக்கும் ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: சிறுநீர் நன்றாகப் போகிறவர்கள் டாக்டர் சொல்லாமல் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். சிலருடைய சிறுநீரகம் நீரையும் உப்பையும் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும். அவர்களுக்கு வரும் தாகம் உடம்பின் உண்மையான தேவை.